ஊரைக் கடந்து போகும் எரிவாயு: மியன்மாரின் குழாய்வழிகளும் எமக்கான கேள்விகளும்

மியன்மாரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறாதிருந்த குடிசன மதிப்பீடு 2014ஆம் ஆண்டு நடத்தப்பட்டது. வீட்டில் எதனால் விளக்கெரிக்கிறீர்கள் என்பதும் அதிலிருந்த கேள்விகளில் ஒன்று. நாடு முழுவதும் நூற்றுக்கு 32 வீடுகளே மின்சாரத்தில் விளக்கெரித்தன. யங்கூனில் அது 69. பட்டியலின் அடியில் இருந்தது தெற்கே உள்ள தனிந்தாரிப் பிராந்தியம். அங்கே நூற்றுக்கு 8 வீடுகள்தான். மேற்குக் கரையிலுள்ள ராக்கைன் மாநிலத்தில் 13. ஏனைய வீடுகளில் மெழுகுதிரி, மண்ணெண்ணெய் விளக்கு, மின்கலம், தனியார் மின்பிறப்பாக்கி. ராக்கைனில் ரொஹிங்யா மக்களில் பெரும்பாலானோர் இக்கணக்கில் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இந்த இரண்டு இடங்களையும் நான் தெரிந்தெடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மியன்மாரின் இயற்கை எரிவாயு 1998 முதல் தனிந்தாரியின் ஊர்களைக் கடந்து தாய்லாந்துக்குப் போகிறது. 2013 முதல் ராக்கைன் கரையில் ஏறி சீனாவுக்குப் போகிறது. நாட்டுக்கு மிகப் பெரிய வெளிநாட்டு வருமானத்தைத் தேடித்தந்த இரண்டு குழாய்களும் அந்நாட்டின் மிக இருண்ட ஊர்களுக்கு நடுவேதான் புதைக்கப்பட்டிருந்தன.

இது எப்படி நடந்தது, யார் கையெழுத்திட்டார்கள், வழியில் இருந்த மக்களுக்கு என்ன ஆனது, பணம் எங்கே போனது என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன். எமது வடமேற்குக் கடலுக்கு அடியிலும் எரிவாயு இருப்பது கண்டறியப்பட்டுள்ள நிலையில், இது தொலைதூரத்து மக்களின் கதையாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

எரிவாயு எண்ணெயைப் போன்றதல்ல

முதலில் ஒரு தெளிவு. எமது அடுக்களைகளில் உள்ள சிலிண்டர்களில் இருப்பது திரவ பெற்றோலிய வாயு. இங்கே பேசப்படுவது இயற்கை எரிவாயு. அது பெரும்பாலும் மீதேன். மின்நிலையங்களிலும் பசளைத் தொழிற்சாலைகளிலும் அதிகம் பயன்படுவது.

எண்ணெயைக் கப்பலில் ஏற்றி, விலை கூடுதலாகத் தருபவருக்கு விற்கலாம். இயற்கை எரிவாயுவை அப்படிச் செய்ய முடியாது. ஒன்றில் குழாய் பதிக்க வேண்டும், அல்லது அதனை மறை 162 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிராக்கித் திரவமாக்க வேண்டும். அப்போது அதன் கனவளவு ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கி, விசேட கப்பல்களில் ஏற்றக்கூடியதாகிறது. இரண்டுக்குமே பெருந்தொகைப் பணம் தேவை.

ஆகவே நிறுவனங்கள் முதலில் வாங்குபவரைத் தேடுகின்றன. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு வாங்குவேன் என்று அவர் கையெழுத்திட்ட பின்னரே கிணறும் குழாயும் வருகின்றன. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறிப்பிட்ட அளவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது இத்தகைய உடன்படிக்கைகளில் வழமையான நிபந்தனை.

இதன் பொருள் என்னவென்றால், எரிவாயு யாருக்கு என்ற கேள்விக்கு விடை கையெழுத்திடும் நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. குழாய் பதித்த பிறகு ஆட்சி மாறலாம், யுத்தம் வரலாம், உள்ளூரில் மின்சாரம் இல்லாமற் போகலாம். குழாயின் மறுமுனை மட்டும் மாறாது.

யடானா: தாய்லாந்துக்குப் போன குழாய்

மொட்டாமா வளைகுடாவில் யடானா எரிவாயுப் படுகை 1982இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1988இல் மக்கள் எழுச்சியை அடக்கிய இராணுவ ஆட்சி, வெளிநாட்டு நாணயம் இன்றித் தவித்த காலத்தில் அதனை வெளியாருக்குத் திறந்தது. பிரெஞ்சு நிறுவனமான டோட்டல் 1992இல் கையெழுத்திட்டது. அமெரிக்காவின் யுனோகலும் தாய்லாந்தின் பி.ரி.ரி.ஈ.பி.யும் பின்னர் இணைந்தன. மியன்மார் அரசின் எண்ணெய், எரிவாயு நிறுவனத்துக்கு 15 வீதப் பங்கு கிடைத்தது. டோட்டலுக்கு 31 வீதத்துக்குச் சற்று அதிகம், யுனோகலுக்கு 28 வீதத்துக்குச் சற்று அதிகம், தாய்லாந்து நிறுவனத்துக்கு 25.5 வீதம்.

கடலுக்கு அடியில் 346 கிலோமீற்றர் வரும் குழாய், தனிந்தாரியின் நிலத்தில் 63 கிலோமீற்றர் கடந்து தாய்லாந்து எல்லையை அடைகிறது. இந்த 63 கிலோமீற்றரில்தான் துயரம் நிகழ்ந்தது. அது கரென், மொன், தவோய் மக்கள் வாழும் நிலம். கரென் தேசிய விடுதலைக்காக ஆயுதம் ஏந்தியவர்களும் அங்கே இருந்தார்கள். குழாய்க்குப் பாதுகாப்பு என்ற பெயரில் இராணுவம் அங்கே குவிக்கப்பட்டது. பாதை வெட்டவும் முகாம் கட்டவும் சுமை தூக்கவும் கிராமத்தவர்கள் கூலியின்றிப் பிடித்துச் செல்லப்பட்டதாகவும், ஊர்கள் இடம்பெயர்க்கப்பட்டதாகவும், பாலியல் வன்முறைகளும் கொலைகளும் நடந்ததாகவும் சாட்சியங்கள் வெளிவந்தன.

அந்தச் சாட்சியங்களைக் காட்டுவழியாக நடந்து திரட்டியவர்களில் ஒருவர் கா ஸோ வா என்ற கரென் செயற்பாட்டாளர். அவர் இணைந்து தொடங்கிய ஏர்த்ரைட்ஸ் இன்டர்நஷனல் என்ற அமைப்பின் துணையுடன், பெயர் வெளியிடாத கிராமத்தவர்கள் 1996இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் யுனோகலுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார்கள். 1789ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்த பிடி. அமெரிக்கர் அல்லாதோர், சர்வதேசச் சட்ட மீறலுக்காக அமெரிக்க நீதிமன்றத்தை நாடலாம் என்று அது கூறியது.

வழக்கு எளிதாக நடக்கவில்லை. 2000இல் கீழ் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விசாரணைக்கு உரிய ஆதாரம் உண்டெனத் தீர்ப்பளித்தது. நிறுவனம் பொறுப்பை மறுத்தபடியே இருந்தது. 2004 டிசம்பரில் இணக்கம் அறிவிக்கப்பட்டு 2005இல் முடிவுக்கு வந்தது. கிராமத்தவர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது, ஆனால் தொகை வெளியிடப்படவில்லை. பிரான்சில் தொடரப்பட்ட வழக்கில் டோட்டலும் 2005இல் 52 இலட்சம் யூரோ நிதியம் ஒன்றுக்கு உடன்பட்டது. அதுவும் குற்றத்தை ஏற்கவில்லை.

பாதிக்கப்பட்ட மக்கள் ஒரு பன்னாட்டு நிறுவனத்தை அதன் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் பணிய வைத்தது பெரிய செய்திதான். ஆனால் அந்தக் கதவு இன்று அவ்வளவு அகலமாகத் திறந்திருக்கவில்லை. 2013இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தப் பழைய சட்டத்தின் எல்லையைக் குறுக்கிவிட்டது. அதைவிட முக்கியமானது, வழக்கினால் எரிவாயுத் திட்டம் நிற்கவில்லை.

எல்லைக்கு அப்பால் தாய்லாந்திலும் காஞ்சனாபுரிக் காடுகளைக் குழாய் ஊடறுப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. அறிஞர் சுலக் சிவரக்ச 1998இல் அதற்காகக் கைது செய்யப்பட்டார். ஆனாலும் அங்கே கூட்டம் கூட முடிந்தது, பத்திரிகையில் எழுத முடிந்தது. அதே குழாயின் மியன்மார்ப் பக்கத்தில் எதிர்ப்புச் சொன்னவர் காட்டுக்குள் ஓட வேண்டியிருந்தது.

ஆறு கியாட் கணக்கு

பணம் எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே ஒரு எளிய தந்திரம் இருந்தது. மியன்மாரின் உத்தியோகபூர்வ நாணயமாற்று வீதம் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 கியாட். சந்தையில் அதே டொலருக்கு 1,000 கியாட் வரை கிடைத்தது. எரிவாயு விற்ற டொலர்கள் அரச கணக்கில் ஆறு கியாட் வீதம் பதியப்பட்டன. வரவுசெலவுத் திட்டத்தைப் பார்த்தால் எரிவாயு வருமானம் ஒரு வீதமும் இல்லாததுபோலத் தெரியும். உண்மையில் அது அரச வருமானத்தில் பாதிக்கு மேல் என்று சர்வதேச நாணய நிதியத்தின் கணிப்பு காட்டியது.

இடைவெளியில் இருந்த டொலர்கள் பொதுமக்களின் பார்வையில் இல்லை. பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணமில்லை என்று சொல்லிய அதே அரசு, ஆயுதங்கள் வாங்கியது, நேபிடோவில் புதிய தலைநகரம் கட்டியது. 2012 ஏப்ரலில்தான் அந்தப் பழைய வீதம் கைவிடப்பட்டது. அதற்குள் யடானா எரிவாயு பதினான்கு ஆண்டுகள் விற்கப்பட்டுவிட்டது.

ஷ்வே: இந்தியா கேட்டது, சீனா பெற்றது

2004இல் ராக்கைன் கரைக்கு அப்பால் ஷ்வே படுகையைத் தென்கொரியாவின் டேவூ நிறுவனம் கண்டுபிடித்தது. இந்திய அரசு நிறுவனங்களான ஓ.என்.ஜி.சி. விதேஷும் கெயிலும் அதில் பங்காளிகள். பங்களாதேஷ் வழியாக இந்தியாவுக்குக் குழாய் பதிக்கலாம் என்று 2005 ஜனவரியில் மூன்று நாட்டு அமைச்சர்கள் யங்கூனில் பேசினார்கள். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் இந்தியா ஊடாக வர்த்தகப் பாதை வேண்டும் என்றது பங்களாதேஷ். பேச்சு இழுபட்டது.

சீனா காத்திருக்கவில்லை. 2007 ஜனவரி 12ஆம் திகதி, மியன்மாரின் மனித உரிமை நிலைமை பற்றிய தீர்மானம் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது, சீனாவும் ரஷ்யாவும் தமது வீட்டோ அதிகாரத்தால் அதனைத் தடுத்தன. 2008இல் சீன தேசிய பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு எரிவாயு விற்பதற்கான உடன்படிக்கை கையெழுத்தானது. வீட்டோவுக்கு விலையாகத்தான் எரிவாயு கொடுக்கப்பட்டது என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் திகதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் எவருக்கும், எரிசக்தியும் இராஜதந்திரமும் ஒரே மேசையில் பேசப்படுபவை என்பது புரியும். ஜெனீவாவையும் நியூயோர்க்கையும் எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழித்த எமக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ராக்கைனின் கியாவ்பியூவிலிருந்து மக்வே, மண்டலே, ஷான் நிலங்களைக் கடந்து சீன எல்லை வரை 793 கிலோமீற்றர். ஆண்டுக்கு 12 பில்லியன் கன மீற்றர் கொண்டுசெல்லக்கூடிய குழாய். அதன் அருகிலேயே மத்திய கிழக்கு எண்ணெயைச் சீனாவுக்குக் கொண்டுசெல்லும் இன்னொரு குழாய். எரிவாயு 2013 ஜூலையிலும் எண்ணெய் 2017 ஏப்ரலிலும் பாயத் தொடங்கின.

ராக்கைன் மக்கள் இதனைப் பேசாமல் பார்த்திருக்கவில்லை. எங்கள் கடலில் எடுக்கும் எரிவாயுவில் எங்களுக்கு 24 மணி நேர மின்சாரம் தாருங்கள் என்பதே அவர்களின் முதற் கோரிக்கை. எண்ணெய் இறங்குதுறை அமைந்த மடே தீவில் காணி இழப்பீடும் வேலையும் மின்சாரமும் கேட்டு 2013இல் ஊர்வலம் சென்றவர்களில் சிலருக்கு, அனுமதியின்றிக் கூடினார்கள் என்று சிறைத்தண்டனை வழங்கப்பட்டது. அதற்கு முன் 2012 ஒக்டோபரில் கியாவ்பியூ நகரின் முஸ்லிம் குடியிருப்பு தீக்கிரையானது. அந்த மக்கள் முகாமுக்குள் முடக்கப்பட்டார்கள். அந்த நகரத்திலிருந்துதான் ஒன்பது மாதத்தில் எரிவாயு புறப்பட்டது.

சொந்தத் தேவைக்கென ஒரு பகுதியைக் குழாயின் வழியில் எடுத்துக்கொள்ள மியன்மாருக்கு உரிமை இருந்தது. ஆனால் எடுப்பதற்கு மின்நிலையம் வேண்டும், மின்நிலையத்திலிருந்து ஊருக்குக் கம்பி வேண்டும். குழாய்க்குப் பணம் போட்டவர்கள் கம்பிக்குப் பணம் போடவில்லை.

இதன் விளைவு விசித்திரமானது. இரண்டு அயல்நாடுகளுக்கு எரிவாயு விற்ற மியன்மார், தனது மின்நிலையங்களுக்குப் போதாமல் 2020இல் திரவ இயற்கை எரிவாயுவைக் கப்பலில் இறக்குமதி செய்யத் தொடங்கியது. மறு ஆண்டே உலகச் சந்தையில் விலை ஏறியது, டொலரும் இல்லை, இறக்குமதி நின்றது, நகரங்கள் இருண்டன. ஏற்றுமதி மட்டும் நிற்கவில்லை.

ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின்

2021 பெப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. எரிவாயு விற்பனை ஆண்டுக்கு ஒரு பில்லியன் டொலருக்கு மேல் அதன் கையில் கொடுத்தது. அந்த வருமானத்தை நிறுத்துங்கள் என்று மக்கள் கோரினார்கள். யடானா எரிவாயுவில் ஏறத்தாழ 30 வீதம் உள்ளூருக்குப் போகிறது, யங்கூனின் மின்சாரத்தில் பெரும் பகுதி அதில்தான் உற்பத்தியாகிறது, நிறுத்தினால் மக்களே இருளில் கிடப்பார்கள் என்று நிறுவனம் பதில் சொன்னது. இரண்டு வாதத்திலும் உண்மை இருந்தது.

2022 ஜனவரியில் டோட்டல் வெளியேறுவதாக அறிவித்து, ஜூலையில் வெளியேறியது. யுனோகலை 2005இல் வாங்கியிருந்த செவ்ரோன் 2024இல் வெளியேறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 பெப்ரவரியில் மியன்மாரின் அரச எரிவாயு நிறுவனம் மீது தடை விதித்தது. அமெரிக்கா 2023இன் இறுதியில் அதற்கான நிதிச் சேவைகளைத் தடுத்தது. எரிவாயு என்ன ஆனது? தாய்லாந்து நிறுவனம் நடத்துநராகப் பொறுப்பேற்றது, ஓட்டம் தொடர்ந்தது. வெளியேறியவர்களின் பங்கு எஞ்சியவர்களுக்குப் போனது, இராணுவத்தின் கையிலுள்ள நிறுவனத்தின் பங்கும் கூடியது.

தடைகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. பணம் கைமாறும் வழி கடினமாகியது உண்மை. ஆனால் முப்பது ஆண்டு உடன்படிக்கையை முப்பதாவது ஆண்டில் திருத்த முற்படுவது, வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுவது போன்றது.

எமது கடலும் எமது காணியும்

1990இல் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் படித்த தலைமுறை என்னுடையது. ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் திரியும் வைத்து எரித்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தோம். மின்சாரம் என்பது யாரோ எடுக்கும் முடிவு என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2022 மார்ச்சில் நாடெங்கும் 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது தெற்கும் அதனை அறிந்தது.

மன்னார்ப் பகுதியில் எண்ணெய் தேடும் முயற்சி பழையது. 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் கிணறுகள் தோண்டப்பட்டன. பயன் கிடைக்கவில்லை. 2011இல் இந்தியாவின் கெயார்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையில் டொராடோ, பரகுடா என்ற இரு இடங்களில் எரிவாயு இருப்பதைக் கண்டறிந்தது. 1,300 மீற்றருக்கும் அதிகமான ஆழக்கடல் அது. பிற்பாடு தோண்டிய கிணறுகள் ஏமாற்றின. உலக எண்ணெய் விலையும் சரிந்தது. 2015இல் நிறுவனம் வெளியேறியது. இன்றுவரை வர்த்தக அளவில் எரிவாயு கரைக்கு வரவில்லை. 2021இல் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மீண்டும் முதலீட்டாளர்கள் அழைக்கப்படுவது திண்ணம்.

எரிவாயு வரும்வரை காத்திருக்காமலே எமக்கு அனுபவம் உண்டு. 2006இல் ஷெல் வீச்சில் சம்பூரை விட்டு ஓடிய மக்கள், கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தபோது, அவர்களின் ஊரில் நிலக்கரி மின்நிலையம் அமைக்க இந்தியாவுடன் உடன்பாடு கையெழுத்தானது. காணி உரிமையாளர்கள் முகாமில், காணியைப் பற்றிய பேச்சு கொழும்பிலும் புதுடில்லியிலும். மக்கள் விடாது போராடினார்கள். ஒரு பகுதி காணி 2015இல் விடுவிக்கப்பட்டது, நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அங்கே சூரிய மின்திட்டம் வருகிறது. மன்னார் தீவில் 30 காற்றாலைகள் 100 மெகாவற்றுக்கு மேல் மின்சாரம் தருகின்றன. மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். எரிசக்தி வேண்டாம் என்பதல்ல அவர்களின் குரல். எங்களிடம் கேட்டீர்களா என்பதுதான்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

நாளை மன்னார்ப் படுகைக்கோ, வேறெந்த எரிசக்தித் திட்டத்துக்கோ உடன்படிக்கை வரும்போது, மியன்மாரைப் பார்த்து நாம் கேட்கக்கூடிய கேள்விகள் சில.

உள்ளூர்த் தேவைக்கு எத்தனை வீதம், அதைப் பயன்படுத்தும் மின்நிலையத்துக்கும் கம்பிக்கும் பணம் யார் போடுவது? வெறும் வீதம் எழுதினால் அது கடதாசியில் இருக்கும்.

வருமானம் எந்தக் கணக்கில், எந்த நாணயமாற்று வீதத்தில் பதியப்படும், பாராளுமன்றம் அதைப் பார்க்க முடியுமா? திட்டம் அமையும் மாவட்டத்துக்குச் சட்டப்படி ஒரு பங்கு உண்டா?

குழாயும் இறங்குதுறையும் எந்தக் காணியில் வரும்? பாதுகாப்பு யார் கையில்? எமது மண்ணில் பாதுகாப்பு என்ற சொல் காணி பறிப்பதற்கும் கரையை அடைப்பதற்கும் எவ்வளவு எளிதாகப் பயன்பட்டது என்பதை வலிகாமம் வடக்கும் கேப்பாப்புலவும் அறியும்.

மீனவர்களுக்குக் கடல் எத்தனை கிலோமீற்றருக்கு மூடப்படும், எத்தனை நாளுக்கு? இழப்பீடு யாரிடம் கேட்பது? தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம்? உடன்படிக்கை எமது மொழியில் வெளியிடப்படுமா?

இவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2017 முதல் எந்தக் குடிமகனும் எழுத்தில் கேட்கலாம். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், இறுதியில் ஆணைக்குழு வரையும் போகலாம். கிராமிய மீனவர் சங்கமும் மாதர் சங்கமும்கூடக் கேட்கலாம். பதில் வருகிறதோ இல்லையோ, கேட்டது பதிவில் இருக்கும்.

தனிந்தாரி மக்கள் நீதிமன்றத்துக்குப் போனபோது குழாய் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. ராக்கைன் மக்கள் மின்சாரம் கேட்டபோது உடன்படிக்கை கையெழுத்தாகிச் சில ஆண்டுகள் கடந்திருந்தன. மன்னார்ப் படுகைக்கு இன்னும் குழாயும் இல்லை, முப்பது ஆண்டு ஒப்பந்தமும் இல்லை. கேள்வி கேட்பதற்கு உகந்த காலம் இதுவே.